கழுத்தில் நெறி கட்டும்போது

காலில் முள் தைத்துப் பழுத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். சொத்தைப் பல் வீங்கினால் தாடைக்கடியில் நெறி கட்டும். வீட்டில் பெரியவர்கள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கயோ புண்ணு இருக்கு, அதான்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார்கள். வீங்கினால் நெறி என்கிறோமே, அந்த முடிச்சுக்கு நிணநீர்க் கணு (லிம்ஃப் நோட்) என்று பெயர். உடம்பின் எந்த இடத்து நிணநீர் எந்தக் கணுவில் போய் வடிகிறது என்ற கணக்கு அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. வாய், நாக்கு, தொண்டைப் புற்றுக்கு வைத்தியம் பார்ப்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அவர்கள் தேடும் புண் வேறு, அவ்வளவுதான்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கிருமியால் கட்டிய நெறி தொட்டால் வலிக்கும்; புண் ஆறியதும் இரண்டொரு வாரத்தில் வற்றும். புற்று ஏறிய கணு பெரும்பாலும் வலிக்காது. கல் போல இறுகியிருக்கும், மெல்ல மெல்லப் பெருக்கும், நாளடைவில் விரலுக்கு அசைந்து கொடுக்காமல் ஒட்டிக்கொள்ளும். வலிதான் இல்லையே என்று பலரும் மாதக்கணக்கில் விட்டுவிடுவது இதனால்தான். நாற்பது வயதைத் தாண்டியவர், அதிலும் புகையிலை, பாக்கு, பீடி, மது என்று ஏதாவது ஒன்று பழக்கத்தில் உள்ளவர், மூன்று வாரமாகியும் கரையாத கழுத்துக் கட்டியோடு வந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அதைப் புற்றாகவே வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

நம் ஊரில் இந்த இடத்தில் கால் வழுக்குவதற்கு ஒரு காரணம் உண்டு: கண்டமாலை. காசநோய்க் கிருமி கழுத்துக் கணுக்களில் தங்கி, மாலை கோத்தது போல வரிசையாகக் கட்டிக்கொள்வதற்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர். இளம் வயதினருக்குக் கழுத்தில் கட்டி என்றால் டி.பி.யைச் சந்தேகிப்பது இன்றும் நியாயமே. ஊசி போட்டு செல் எடுத்துப் பார்க்காமல், குத்துமதிப்பாக ஆறு மாத டி.பி. மாத்திரையை ஆரம்பிப்பதுதான் தவறு. உள்ளே இருப்பது புற்று என்றால் அந்த ஆறு மாதம் திரும்பக் கிடைக்காது.

இதைவிட மோசமான தவறு, எடுத்த எடுப்பில் கத்தி வைத்துக் கட்டியைக் கீறித் துண்டு எடுப்பது. கணுவின் உறை கிழிந்து செல்கள் சுற்றியுள்ள தசையிலும் தோலிலும் சிந்த வழி பிறக்கிறது. பின்னால் ஆபரேஷன் செய்பவர் அந்தத் தழும்பையும் சேர்த்து வெட்டியெடுக்க வேண்டிவரும். முறையான வரிசை இது: முதலில் வாய்க்குள் விளக்கடித்து, நாக்கைத் தூக்கி, கன்னத்தை விலக்கிப் பார்ப்பது, நாக்கின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பார்ப்பது, குழாய்க் கேமரா விட்டுத் தொண்டையைப் பார்ப்பது. பிறகு எஃப்.என்.ஏ.சி., அதாவது ஊசியால் செல்லை உறிஞ்சிப் பார்ப்பது. 22 முதல் 25 கேஜ் வரையிலான மெல்லிய ஊசி, ஒரு சிரிஞ்சு, நாலைந்து கண்ணாடி ஸ்லைடு போதும், ஓ.பி.யிலேயே முடிந்துவிடும். கட்டிக்குள் வெறும் தண்ணீர் வந்து "செல் எதுவும் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. டான்சிலிலும் நாக்கின் அடியிலும் ஹெச்.பி.வி. வைரஸால் வரும் புற்று, கழுத்தில் நீர்க்கட்டி போலவே வந்து நிற்கும். அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி கட்டியின் சுவரிலிருந்து மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும்.

கழுத்தின் வாய்க்கால்கள்

உடம்பிலுள்ள நிணநீர்க் கணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தலையிலும் கழுத்திலும்தான் இருக்கிறது. மூக்கும் வாயும் வெளியுலகத்துக்கு எந்நேரமும் திறந்து கிடக்கும் வாசல்கள். காவல் அதிகம் வேண்டியிருக்கிறது. கழுத்துக் கணுக்களை ஆறு லெவலாகப் பிரித்திருக்கிறார்கள். மோவாய்க்கு அடியில் 1ஏ, தாடை எலும்புக்கு அடியில் 1பி. காதுக்குக் கீழே தொடங்கி காறை எலும்புவரை ஜுகுலர் ரத்தக்குழாயை ஒட்டி இறங்கும் சங்கிலியில் மேல்பகுதி 2, நடு 3, கீழ் 4. கழுத்தின் பின்பக்க முக்கோணம் 5. குரல்வளையையும் தைராய்டையும் ஒட்டிய நடுப்பகுதி 6.

புற்று இந்த வாய்க்கால்களில் தாறுமாறாக ஓடுவதில்லை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் செய்த 1,119 கழுத்து ஆபரேஷன்களை 1990இல் அலசிப் பார்த்தபோது, வாய்ப்புற்று பெரும்பாலும் 1, 2, 3 லெவல்களுக்கும், தொண்டை, குரல்வளைப் புற்று 2, 3, 4 லெவல்களுக்கும் போவது தெளிவானது. புகையிலையைக் கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவில் அடக்கிவைக்கும் பழக்கமுள்ள இந்தியாவில், புற்றும் அந்தப் பள்ளத்தில்தான் அதிகம் முளைக்கிறது. அதன் முதல் நிறுத்தம் 1பி. நாக்கு சொன்ன பேச்சைக் கேட்காது. 1997இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்திலிருந்து வந்த கணக்குப்படி, நாக்குப் புற்றில் 100க்கு 16 பேர் அளவில் மேல் லெவல்களைத் தாண்டிக் குதித்து, நேராக 3இலோ 4இலோ போய் உட்கார்ந்திருந்தது. நாக்குப் புற்றுக்கு 4ஆம் லெவலையும் சேர்த்து எடுக்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது. நடுக்கோட்டை ஒட்டி, நாக்கின் அடியிலோ வாய்த் தரையிலோ உள்ள புற்று இரண்டு பக்கமும் வடியும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதாது.

கையால் தடவிப் பார்த்தும் ஒன்றுமில்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அப்போதும் வாய்ப்புற்று ஆரம்ப நிலைக்காரர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குக் கணுவுக்குள் புற்று ஒளிந்திருக்கும். அல்ட்ராசவுண்டில் பார்க்கும் அடையாளங்கள் சில: குறுக்களவு 10 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது, அவரை விதை போல நீளமாக இருக்க வேண்டியது உருண்டையாவது, நடுவிலுள்ள கொழுப்புக் கோடு மறைவது, உள்ளே அழுகல். இவையெல்லாம் கணு ஓரளவு நிறைந்த பிறகு தெரிபவை. 2 மில்லிமீட்டருக்கும் சிறிய படிவை எந்த ஸ்கேனும் நம்பிச் சொல்லாது, பெட் ஸ்கேன் உள்பட. "பெட் எடுத்தாச்சு, கழுத்து சுத்தமா இருக்கு" என்பது பாதி உண்மைதான்.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகக் கழுத்தைத் திறக்கலாமா? இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டாக அடிதடி. அதை முடித்துவைத்தது மும்பை டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை. வாயின் ஒரு பக்கத்தில் சிறிய புற்று, கழுத்தில் எதுவும் தட்டுப்படவில்லை என்ற நிலையிலுள்ளவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வாய் ஆபரேஷனோடு கழுத்துக் கணுக்களையும் அப்போதே எடுத்தார்கள். மறுபாதிக்குக் காத்திருந்து, கட்டி தெரிந்தபின் எடுத்தார்கள். 500 பேரின் முடிவு 2015இல் வந்தது. மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 80 சதவீதம், இரண்டாவதில் 67.5. நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 69.5க்கு 45.9. காத்திருந்த கழுத்தில் கட்டி தெரிந்தபோது, பலருக்கும் அது கைமீறியிருந்தது. தீர்மானம் பெரும்பாலும் புற்றின் ஆழத்தைப் பொறுத்தது. மேலே எவ்வளவு அகலம் என்பதைவிட உள்ளே எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதுதான் கணுவுக்குப் போகும் வாய்ப்பைச் சொல்லும். 3 மில்லிமீட்டர் தாண்டினால் கழுத்தை விட்டுவைக்கத் துணிபவர்கள் குறைவு. 2018 ஜனவரியிலிருந்து நடைமுறையிலுள்ள நிலைப்பிரிப்பில், 2 சென்டிமீட்டர் புற்றானாலும் ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அது முதல் படியான டி1 இல்லை, அடுத்த படியான டி2.

ஸ்டேஷனுக்குள் நுழைந்த திருடன்

கணு என்பது வெறும் வடிகட்டி என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். அது உண்மையில் ஒரு பள்ளிக்கூடமும் காவல் நிலையமும் சேர்ந்த இடம். நிணநீர் பல சிறு வாய்க்கால்கள் வழியாக வந்து, உறைக்கு நேர் அடியிலுள்ள பள்ளத்தில் விழுகிறது. அங்கிருந்து புறணி என்ற வெளி அடுக்கு வழியாகக் கசிந்து, நடுப்பகுதியை அடைந்து, ஒரே வாய்க்காலில் வெளியேறுகிறது. புறணியில் பி செல் குவியல்கள். அதற்கு உள்வரிசையில் டி செல்கள். இரண்டும் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள். வாயிலுள்ள டென்ட்ரிடிக் செல்கள் என்ற ஒற்றர்கள் புற்றின் துணுக்குகளைக் கவ்விக்கொண்டு, கணு விடும் ஒரு ரசாயன வாசனையைப் பிடித்தபடி வந்து, டி செல்களிடம் காட்டுகின்றன: இதுதான் ஆள், பார்த்து வைத்துக்கொள். அடையாளம் கண்ட டி செல்கள் பல மடங்காகப் பெருகி, ரத்தத்தில் கலந்து, புற்று இருக்கும் இடத்துக்குக் கிளம்புகின்றன.

அந்த வாசனையைப் பிடிக்க டென்ட்ரிடிக் செல் வைத்திருக்கும் மூக்குக்குப் பெயர் சி.சி.ஆர்.7. தலை, கழுத்துப் புற்றுச் செல்களில் சில அதே மூக்கைத் தாங்களும் முளைக்கவைத்துக்கொள்கின்றன. போலீஸ் உடுப்பைத் திருடிப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குள் போகிற கதை. முதலில் போய்த் தங்குவது உறைக்கடியிலுள்ள அந்தப் பள்ளத்தில்; அதனால்தான் நோய்க்குறியியல் நிபுணர் கணுவை நறுக்கியதும் முதலில் ஓரத்தைப் பார்க்கிறார்.

உள்ளே போனபின் நடப்பது சுவாரசியமானது. புற்றுச் செல் தன் மேல் பரப்பிலுள்ள ஹெச்.எல்.ஏ. அடையாள அட்டையைக் கிழித்துப் போடுகிறது; டி செல்லுக்கு யாரென்று தெரியாது. பி.டி.-எல்1 என்ற புரதத்தை நீட்டி, தாக்க வரும் டி செல்லை, அதன் மேலுள்ள பி.டி.-1 என்ற சுவிட்ச் வழியாக அணைக்கிறது. டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதத்தைச் சுரந்து, சண்டையை அடக்குவதற்கென்றே உள்ள கட்டுப்படுத்தும் டி செல்களைக் கூட்டுகிறது. வேலியே பயிரை மேய்கிறது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 2022இல் எலிகளில் மெலனோமா என்ற தோல் புற்றை வைத்துக் காட்டியது இதன் அடுத்த கட்டம். கணுவில் குடியேறிய புற்று அங்கே உருவாக்கும் சகிப்பு, உடம்பு முழுவதற்குமான சகிப்பாக மாறி, நுரையீரலில் புற்று முளைக்கவும் வழிவிடுகிறது. கழுத்தில் ஒரு கணு பிடித்தாலே பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மருத்துவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஏன் அவ்வளவு சரிவு என்பதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

இந்த இடத்தில் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறோம்" என்று டப்பாவில் விற்கும் பொடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே முதல் சிக்கல் சக்திக் குறைவு இல்லை, அணைக்கப்பட்ட சுவிட்ச். கஷாயம் குடித்தால் பி.டி.-1 திறக்காது. உண்மையிலேயே உதவுவது அலுப்பான சமாச்சாரம்: எடை குறையாமல் பார்த்துக்கொள்வது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். அதாவது 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். வாயால் முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகவாவது உள்ளே போக வேண்டும். குழாய்க்குத் தயங்கி 10 கிலோ இழப்பவர்கள் கதிர்வீச்சைப் பாதியில் நிறுத்துகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இரு வெள்ளணு வகைகளின் விகிதத்தை வகுத்துப் பார்த்துக் கவலைப்படுவதும் இப்போது பரவிவருகிறது. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. தனி ஒருவருக்கு ஒரு பல் சீழ் பிடித்தாலே அது எகிறிவிடும்.

கத்தி

அமெரிக்காவின் ஜார்ஜ் கிரைல் 132 ஆபரேஷன்களை வைத்து 1906இல் எழுதிய முறைதான் கழுத்து ஆபரேஷனின் தொடக்கம். கணுக்களோடு சேர்த்துக் கழுத்துப் பெருந்தசை, ஜுகுலர் ரத்தக்குழாய், தோளுக்குப் போகும் அக்சஸரி நரம்பு மூன்றையும் எடுத்துவிடுவார்கள். உயிர் தப்பியவர் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் மிச்ச வாழ்க்கையை ஓட்டினார். 1960களில் அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரெஸ், கணுக்கள் கொழுப்பும் சவ்வுமாக ஒரு தனி உறைக்குள் கிடக்கின்றன, அதை மட்டும் உரித்தெடுக்கலாம் என்று காட்டினார். இன்று நடப்பது பெரும்பாலும் அந்த வழி.

எங்கே கை தவறும் என்றால், மூன்று இடம். தாடை விளிம்பை ஒட்டி ஓடும் முகநரம்பின் மெல்லிய கிளை: இழுபட்டால் கீழுதடு ஒரு பக்கம் கோணும். அக்சஸரி நரம்பு: வெட்டுப்படாவிட்டாலும், 2ஆம் லெவலில் அதற்குப் பின்னாலுள்ள 2பி பகுதியைச் சுத்தம் செய்ய அதை இழுத்துப் பிடித்தாலே தோள் சரியும், டிரெய்ன் குழாய் எடுத்ததும் தோள் பயிற்சியைத் தொடங்காவிட்டால் மூட்டு இறுகிவிடும். மூன்றாவது, இடப்பக்கம் 4ஆம் லெவலில் உள்ள மார்பு நிணநீர்க் குழாய்: அதில் ஓட்டை விழுந்தால், சாப்பிட ஆரம்பித்த மறுநாள் டிரெய்ன் பாட்டிலில் பால் போல வெள்ளையாக இறங்கும். உடனே சாப்பாட்டில் எண்ணெய், நெய், பாலைத் தவிர்த்து, நிணநீர் வழியே போகாமல் நேராக ரத்தத்தில் சேரும் எம்.சி.டி. கொழுப்பு மட்டும் தருவார்கள். பெரும்பாலும் அதிலேயே அடைபடும்.

எடுத்த சதையை மொத்தமாக ஒரே டப்பாவில் ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் எந்தக் கணு எந்த லெவல் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. லெவல் லெவலாகப் பிரித்து, தனித்தனி டப்பா, தனித்தனிச் சீட்டு. மொத்தம் 18 கணுவாவது எண்ணப்பட்டிருப்பது நல்ல ஆபரேஷனுக்கு, கூடவே பொறுமையாகத் தேடிய லேபுக்கும், அடையாளம்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் வீட்டார் புற்றின் அளவைத்தான் தேடுகிறார்கள். கழுத்துப் பக்கத்தை முதலில் படிப்பது நல்லது. உதாரணத்துக்கு இப்படி ஒரு வரி: "வலது கழுத்து, லெவல் 1பி 1/4, லெவல் 2ஏ 1/9, பெரியது 1.4 செ.மீ., இ.என்.இ. உண்டு, 3 மி.மீ." நாலில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, எல்லாம் சின்னது. ஆனால் கழுத்தின் நிலை என்3பி, கணு வரிசையில் கடைசிப் படி. இவ்வளவு சிறிய கணுவுக்கு ஏன் இவ்வளவு பெரிய எண் என்று அதிர்ச்சி வரும். காரணம் அந்த மூன்றெழுத்து. இ.என்.இ. என்றால் புற்று கணுவின் உறையை உடைத்துக்கொண்டு சுற்றியுள்ள கொழுப்பில் இறங்கிவிட்டது. ஒரே ஒரு கணு, 3 செ.மீ.க்குள், உறை உடைந்திருந்தால் என்2ஏ; ஒன்றுக்கு மேற்பட்ட கணுவாகி, அவற்றில் ஒன்று உடைந்திருந்தாலும் என்3பி. "ரியாக்டிவ்" என்று எழுதியிருந்தால் பயம் வேண்டாம்; கணு வேலை செய்து வீங்கியிருக்கிறது, புற்று இல்லை.

உறை உடைந்திருந்தாலோ வெட்டிய விளிம்பில் புற்று மிச்சமிருந்தாலோ கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2004இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் அதை நிலைநாட்டின. கதிர்வீச்சு மொத்தம் 60 கிரே (அதன் அளவுக்கான அலகு), 30 தடவையில். உறை உடைந்த இடத்துக்கு 66 வரை. சிஸ்பிளாட்டின் மூன்று வாரத்துக்கொரு முறை, உடற்பரப்பு சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம். அதைத் தாங்காது என்று வாரம் 30 மில்லிகிராமாகப் பிரித்துக் கொடுப்பது இங்கே ரொம்ப நாள் பழக்கம். டாட்டாவிலேயே 2018இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டு வருஷத்தில் வாயிலும் கழுத்திலும் நோய் கட்டுக்குள் இருந்தது மூன்று வார முறையில் 73.1 சதவீதம், வாரம் 30இல் 58.5. ஜப்பானில் வாரம் 40 கொடுத்தபோது குறை தெரியவில்லை. 30க்கும் 40க்கும் அவ்வளவு தூரம். கதிர்வீச்சு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஆறாத காயம், பிடுங்காத பல், வராத காப்பீட்டு அனுமதி என்று எட்டு, பத்து வாரம் இழுப்பதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் சேதம். கெட்ட பற்களை ஆபரேஷனின்போதே பிடுங்கிவிட்டால் ஒரு தாமதம் மிச்சம்.

கணுவை எப்போது எடுப்பது

இத்தனை வருஷமும் கேள்வி, எவ்வளவு எடுப்பது என்பதாக இருந்தது. நோயெதிர்ப்பு மருந்து வந்தபின் எப்போது என்பதும் கூடவே வந்துவிட்டது. பி.டி.-1 சுவிட்சைத் திறக்கும் மருந்து வேலை செய்ய, படித்துத் தயாராகும் டி செல்கள் வேண்டும். அவை தயாராவது புற்று பிடிக்காத பக்கத்துக் கணுக்களில். சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2023இல் தலை, கழுத்துப் புற்று நோயாளிகளின் கணுக்களையே எடுத்துப் பார்த்தது. மருந்து தந்தபின் நல்ல கணுக்களில் டி செல்கள் உயிர்பெற்று வேலைக்குக் கிளம்பியிருந்தன. புற்று பிடித்த கணுவில் அந்த ஓட்டம் தடைபட்டிருந்தது. கழுத்து முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்தபடியே அவெலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்த பெரிய ஆய்வு 2021இல் தோற்றதற்கும் இதையே ஒரு காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தை இடித்துக்கொண்டே பாடம் நடத்த முடியாது என்பது அவர்கள் வாதம்.

அதனால் மருந்தை முன்னால் கொண்டுவந்தார்கள். 2025இல் வெளியான கீநோட்-689 ஆய்வில் ஆபரேஷனுக்கு முன் பெம்ப்ரோலிசுமாப் என்ற பி.டி.-1 மருந்து இரண்டு தவணை, பின்னால் 15 தவணை. மூன்று வருஷத்தில் நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்தவர்கள் 57.6 சதவீதம், மருந்து பெறாத பிரிவில் 46.4. அந்த ஜூனிலேயே அமெரிக்கா அனுமதித்தது, சி.பி.எஸ். 1 அல்லது மேல் உள்ளவர்களுக்கு. சி.பி.எஸ். என்பது எளிய கணக்கு: பி.டி.-எல்1 சாயம் ஏறிய புற்றுச் செல், லிம்போசைட், மேக்ரோஃபேஜ் மூன்றையும் கூட்டி, உயிருள்ள புற்றுச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்குவது. குறைந்தது 100 புற்றுச் செல்லாவது துண்டில் இருக்க வேண்டும். அரிசி அளவு பயாப்ஸியில் அது கிடைக்காமல் போகும். வாயிலிருந்து எடுத்ததும் கணுவிலிருந்து எடுத்ததும் வேறு எண் காட்டலாம். எடுத்த துண்டை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்குகளை ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கிப் பத்திரமாக, வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பக்கவிளைவுகள் கீமோ போல இருக்காது. முடி கொட்டாது, ஆனால் திறந்துவிட்ட டி செல்கள் குடலையோ நுரையீரலையோ தைராய்டையோ கடிக்கும். நாளுக்கு நாலைந்து தடவை வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்கக் கூடாது, ஸ்டீராய்டு தேவைப்படலாம். கழுத்துக்குக் கதிர்வீச்சு வாங்கியவருக்குத் தைராய்டு ஏற்கெனவே பலவீனம். சோர்வு, எடை ஏற்றம், மலச்சிக்கல் என்றால் முதலில் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

விலைதான் சுவர். இங்கேயும் டாட்டா ஒரு வழி பார்த்தது. நோய் திரும்பியவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட், செலகாக்ஸிப், எர்லோடினிப் என்று மூன்று மாத்திரையைக் கொடுத்து, ஒரு பாதிக்கு மட்டும் கூடவே நிவோலுமாப் என்ற இன்னொரு பி.டி.-1 மருந்து 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கொரு முறை. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240. ஒரு வருஷம் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4ஆகக் கூடினார்கள். மருந்து வரும் சிறிய குப்பி 40 மில்லிகிராம். ஒரே நாளில் இரண்டு பேரை வரச் சொன்னால் ஒரு குப்பி இருவருக்கும் சரியாக வரும்.